அறிவிப்புக்காரியின் கறுப்புக் கண்ணாடி

"கையை வச்சியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

"இல்லைன்னு எத்தனை தடவைதான் சொல்றது? மெதுவாப் பேசுங்கக்கா. எல்லாரும் கேக்கறாங்க."

"கேக்கட்டும்! கேக்கறதுக்குத்தான் கத்தறேன். என் தங்கச்சி கண்ணு ரெண்டும் கத்திரிக்காய் மாதிரி கறுத்துக் கெடக்கு, நான் மெதுவாப் பேசணுமாம்!"

"அது தானா வருதுக்கா."

"தானா வருதா? ஏம்ப்பா, தானா வர்றதுக்கு அதென்ன மழையா?"

எங்கள் கட்டடத்தின் மாடிப்படி இந்த மாதிரி விஷயங்களுக்கென்றே கட்டியது போலிருக்கும். நடுவில் கீழிருந்து மேல்வரை வெற்றிடம். கீழே ஒருவர் குசுகுசுத்தால் மேலே முழுசாகக் கேட்கும். அன்று குசுகுசுப்பும் இல்லை. ஒவ்வொரு தளத்திலும் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. துணி உலர்த்தப் போகிறவர்களும் குப்பை கொட்டப் போகிறவர்களும் திடீரென்று பெருகிவிட்டார்கள்.

கத்தியவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்புகிற குரல். வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவன் அவளுடைய தங்கை புருஷன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் பிரேக் மாமா. சாதாரண நாளில் டீச்சர் அவனை "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா தம்பி" என்பாள். அன்று 'தம்பி'யும் போயிற்று, 'நீங்க'ளும் போயிற்று.

தங்கைக்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி. அதையும் அக்கா பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள், சாட்சிப் பொருள் மாதிரி.

"நீ சொல்லுடி. பயப்படாதே. அடிச்சானா?"

அவள் வாயைத் திறந்தாள். உடனே வார்த்தை வரவில்லை. வந்தபோது, வாய்க்குள் ஈரத்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு பேசுவது போல வந்தது.

"அவர்... அடிக்கலக்கா."

"பாத்தீங்களா?" டீச்சர் மாடிப்படி முழுவதையும் வகுப்பறையாக நினைத்துத் திரும்பினாள். "பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு. புருஷன் பக்கத்துல நிக்கும்போது பொண்டாட்டி வேற என்ன சொல்லுவா?"

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அதுதான் எங்களுக்கும் தோன்றியது.

பிரேக் மாமாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவனுடைய பயிற்சிக் காரில் அவன் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. நாள் முழுக்க யாராவது புதிதாக ஒருவர் அவனைக் கொல்லப் பார்ப்பார்கள், அவன் "நிறுத்து! நிறுத்து! காலை எடு!" என்று கத்தியபடி அதை மிதிப்பான். அப்படியே பழகிப்போய், வீட்டிலும் அவனுக்கு அந்த ஒரே சுதிதான். பால் பொங்கினாலும் "நிறுத்து!" குழாய் வழிந்தாலும் "நிறுத்து!" சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போது வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். அவன் மனைவி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு "நிறுத்து!" நன்றாகக் கேட்கும். சிரிப்பு அவ்வளவாகக் கேட்காது. சுவரின் குறை அது.

அவளோ குரலை வைத்துப் பிழைத்தவள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வருவது அவள் குரல். "பயணிகள் கவனத்திற்கு. மேம்பாலம் வழியாக, மருத்துவமனை வழியாகச் செல்லும் பேருந்து நான்காம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது." எந்தப் பேருந்தையும் தவறவிடத் தேவையில்லை என்று தோன்றவைக்கிற குரல். புதிய தடம் ஒன்று வந்தால் கூப்பிடுவார்கள்; போய்ப் பதிவு செய்துவிட்டு வருவாள். எங்களுக்கு அவள் அறிவிப்புக்காரி. காய்கறி வாங்கும்போதுகூடப் பக்கத்தில் நிற்கிறவர்கள் அவள் பேசினால் திரும்பிப் பார்த்து, அவரவர் பையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். ஏன் எடுத்தோம் என்று அவர்களுக்கே தெரியாது.

அந்தக் குரல்தான் முதலில் கெட்டது. 'வழியாக' என்ற சொல் இல்லாத அறிவிப்பே கிடையாது. அந்த 'ழ' அவளுக்கு வரமாட்டேனென்றது. பதிவு செய்கிற இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் "நாங்களே கூப்பிடறோம்மா" என்று அனுப்பியிருக்கிறார்கள். கூப்பிடவில்லை. அடுத்த தடத்துக்கு யாரோ ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

பேச்சு குழறுகிறதா, சரி, குடிக்கிறாள் என்று கீழ்த்தளத்தில் முடிவு செய்தார்கள். கண்ணடியில் கறுப்பா, சரி, அடிக்கிறான் என்று மேல்தளத்தில் முடிவு செய்தார்கள். பிறகு இரண்டு தளமும் சந்தித்துப் பேசி, அவள் குடிக்கிறாள், அதனால் அவன் அடிக்கிறான் என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

இதற்கெல்லாம் தலைமை வகித்தவள் கண்ணாடிக் கடை அம்மா. கட்டடத்தின் தெருவைப் பார்த்த பக்கத்தில் அவள் கடை. மூக்குக் கண்ணாடி விற்பாள், காம்பு மாற்றித் தருவாள். கறுப்புக் கண்ணாடியை அறிவிப்புக்காரிக்கு விற்றதே அவள்தான். போட்டுப் பார்ப்பதற்காகப் பழைய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அந்த ஒரு நிமிஷத்தில், இமையிலும் கண்ணைச் சுற்றியும் நாவற்பழம் நசுங்கிய நிறத்தில் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். "என்னம்மா இது?" "இருமினேன். இருமினா வருது." கண்ணாடிக் கடை அம்மா கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். அடுத்து டீச்சருக்குப் போன் செய்தாள். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். அவளுக்கு எல்லாருடைய நம்பரும் கிடைக்கும்.

அப்படித்தான் அந்த மாடிப்படிச் சண்டை வந்தது.

"போலீசுக்குப் போவேன்" என்றாள் டீச்சர்.

"போங்க" என்றான் பிரேக் மாமா. அன்றுதான் முதல் முறையாக அவன் மெதுவாகப் பேசி நாங்கள் கேட்டோம். "இல்லைன்னா ஒண்ணு பண்ணலாம். நான் வெளிய போயிடறேன். பயிற்சிப் பள்ளியில ஒரு ரூம் கெடக்கு. இந்தப் படியில கால் வைக்க மாட்டேன். அப்புறமும் இவ கண்ணு கறுத்துச்சுன்னா, அப்ப யாரைக் கேப்பீங்கன்னு பாக்கறேன்."

"என்னங்க" என்றாள் அவள். அது மட்டும் தெளிவாக வந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பையோடு இறங்கினான். படித் திருப்பத்தில் எங்கள் கட்டடத்தின் பழைய சாமான் குவியல் ஒன்று உண்டு: கால் உடைந்த நாற்காலி, சக்கரம் இல்லாத சைக்கிள், யாருடையது என்றே தெரியாத அட்டைப்பெட்டிகள். அதில் அவன் பை மாட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. யாரும் எடுத்துவிடவில்லை. காது கிழிந்து கையோடு வந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு மேல்மாடியிலிருந்து பேப்பர் சார் எட்டிப் பார்த்து, "என்ன சத்தம்?" என்று கேட்டார். கையில் எப்போதும் செய்தித்தாள் வைத்திருப்பார் என்பதால் அந்தப் பெயர். உலகத்தில் எங்கே எது நடந்தாலும் அவருக்குத் தெரியும், எதிரே நடப்பதைத் தவிர.

அக்கா தங்கையைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். இவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். அவர் திரும்பி வந்தால் வீடு பூட்டியிருக்கக் கூடாதாம். டீச்சர் ஒரு வாரம் கூடத் தங்கினாள். சமைத்தாள், திட்டினாள், சாப்பிட வைத்தாள். பிறகு பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. போகும்போது ஒவ்வொரு கதவிலும் நின்று, "கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாள்.

பார்த்துக்கொண்டோம். அதில் எங்களைக் குறை சொல்லவே முடியாது. அவள் எத்தனை மணிக்கு விளக்குப் போடுகிறாள், எத்தனை மணிக்கு அணைக்கிறாள், பால் பாக்கெட்டை எப்போது எடுக்கிறாள், எல்லாம் பார்த்தோம். படியேறும்போது ஒவ்வொரு தளத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதைப் பார்த்தோம். முகம் இளைக்க இளைக்கக் கால் மட்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடத்தைப் பார்த்தோம். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நாங்களும் போய்க் கதவைத் தட்டவில்லை. மற்றவர் குடும்ப விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

மத்தியானங்களில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு கேட்கும். "பயணிகள் கவனத்திற்கு." நிறுத்தம். "மேம்பாலம் வயியாக... வயி... வ..." நிறுத்தம். மறுபடி முதலிலிருந்து. வேறு யாரும் இல்லாத வீட்டில், வராத பயணிகளுக்கு, அந்த ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிவிடவேண்டும் என்று ஒருத்தி மணிக்கணக்கில் முயன்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக் கடை அம்மா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பகல்லயே ஆரம்பிச்சுட்டா" என்று பாட்டிலைச் சாய்ப்பது போலக் கையைக் காட்டினாள்.

பிரேக் மாமா சொன்ன சொல் தவறவில்லை. படியில் கால் வைக்கவில்லை. ஆனால் கார் ஓட்டப் படிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் எங்கள் தெருவில்தான் படித்தார்கள். ஊரில் எத்தனையோ தெரு இருக்கிறது. எங்கள் வாசலுக்கு எதிரில்தான் வண்டி நிற்கும், அங்கேதான் ரிவர்ஸ் எடுக்கச் சொல்வான். முன்னே பின்னே, முன்னே பின்னே. படிக்கிறவர்கள் எல்லோருக்கும் ரிவர்ஸ் மட்டும் பிரமாதமாக வந்தது. அவன் அவர்களைப் பார்க்கவே மாட்டான். வண்டிக் கண்ணாடி வழியாக மேலே அவள் ஜன்னலைப் பார்ப்பான். சில நாள் ஜன்னலில் அவள் நிற்பாள். கை அசைக்க மாட்டாள். கீழே "நிறுத்து!" என்று சத்தம் வந்தால் மட்டும் தோள் இரண்டும் லேசாகக் குலுங்கும். சிரிப்பா, அழுகையா என்று இங்கிருந்து தெரியாது.

ஒருநாள் காலை பால் எடுக்கக் கதவைத் திறந்தவள் கண்ணாடி போட மறந்துவிட்டாள். இரண்டு கண்ணும் மறுபடி கறுத்திருந்தன. முன்னைவிட மோசம், வலது இமை ரத்தம் கட்டி மூடியே இருந்தது.

கட்டடம் கூடியது.

"திருட்டுத்தனமா வந்து அடிச்சிட்டுப் போறான்" என்றாள் கண்ணாடிக் கடை அம்மா.

"எப்ப வந்தான்?" என்று யாரோ கேட்டார்கள்.

அங்கேதான் சிக்கல். அந்தப் படியில் எங்கள் கண்ணில் படாமல் ஒரு பூனை ஏற முடியாது. யோசித்துப் பார்த்தோம். அவள் வீட்டுக்கு அவன் வரவில்லை. அக்கா போன பிறகு அக்காவும் வரவில்லை. தோழி என்று ஒருத்தி, உறவு என்று ஒருவர், கூரியர், கேஸ்காரன், யாருமே வரவில்லை. அவ்வளவு நாளில் அந்தக் கதவை ஒரு மனுஷன் தட்டவில்லை. அதை எங்களைவிட உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஏனென்றால் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தது நாங்கள்தான்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் வீட்டுக்குள் போனோம்.

கண்ணாடிக் கடை அம்மா மட்டும் விடவில்லை. விஷயம் புரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"கண்ணாடிக் காம்பு லூசா இருக்கும்னு தோணுச்சு. முறுக்கிக் கொடுத்துட்டுப் போறேன்."

அறிவிப்புக்காரி கதவைத் திறந்துவிட்டு, அவ்வளவு தூரம் நடந்ததற்கே மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். காம்பில் எந்தக் குறையும் இல்லை. அதை மேலும் கீழும் திருப்பிக்கொண்டிருந்தபோது அறிவிப்புக்காரிக்குத் தும்மல் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக, நிற்காத தும்மல். கண்ணில் நீர் வந்து, விரலால் இடது இமையைத் துடைத்தாள். அவ்வளவுதான். கண்ணாடிக் கடை அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கொஞ்சம் தெளிந்திருந்த அந்த இமையில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, மையொற்றும் தாளில் மை பரவுவது போலப் பரவின.

"ஐயோ! யாருமே அடிக்கலையே!"

"அதைத்தானே சொன்னேன்" என்றாள் அவள். கொழகொழவென்றுதான் வந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் எல்லாம் புரிந்தது.

"டாக்டர்கிட்ட போகலையாம்மா நீ?"

போயிருக்கிறாள். களைப்பு என்று ஒருவரிடம். ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். கால் வீக்கம் என்று இன்னொருவரிடம். உப்பைக் குறைக்கச் சொன்னார். நாக்கு பல்லில் கடிபடுகிறது என்று பல் வைத்தியரிடம். அவர் பல்லின் கூர்முனையைத் தேய்த்துவிட்டார். கண்ணுக்கு, நன்றாகத் தூங்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொருவரிடம் போயிற்று. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆளிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது நாக்கு ஒத்துழைக்கவில்லை.

கண்ணாடிக் கடைக்கு வாரம் ஒருமுறை ஒரு கண் டாக்டர் வந்து பார்வை சோதிப்பார். கண்ணாடிக் கடை அம்மா மற்ற எல்லோரையும் காக்க வைத்துவிட்டு இவளை உள்ளே அழைத்துப் போனாள். அவர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார்.

"நாக்கை நீட்டுங்க."

"கண்ணுதான் டாக்டர்" என்றாள் கடை அம்மா.

"தெரியும். நாக்கை நீட்டுங்கம்மா."

நீட்டினாள். வாய் கொள்ளாத நாக்கு. இரண்டு ஓரமும் பல்வரிசை பதிந்து ரம்பம் போல இருந்தது. டாக்டர் டார்ச்சை அணைத்தார். "இது கண் வியாதி இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னிக்கே."

வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து ஊசியால் துளிக் கொழுப்பை எடுத்தார்கள். எலும்பு மஜ்ஜையிலும் எடுத்தார்கள். இதயத்தைப் படம் பிடித்தார்கள். எல்லா முடிவும் வந்த அன்று, டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் டீச்சர் இந்த முனையிலும் பிரேக் மாமா அந்த முனையிலும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கண்ணாடிக் கடை அம்மா. கூப்பிட்டதும் மூன்று பேருமாக உள்ளே போனார்கள்; அதனால்தான் அங்கே பேசியது சொல்லுக்குச் சொல் நமக்குக் கிடைத்தது.

"எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்கு இல்லையா," என்றாராம் டாக்டரம்மா, "அங்க ஒரு வகை செல் இருக்கு. கிருமியை எதிர்க்கறதுக்குப் புரதம் செஞ்சு அனுப்பறது அதோட வேலை. இவங்களுக்கு அதுல ஒரு கூட்டம் கெட்டுப்போச்சு. ஒரே புரதத் துண்டை வேணும் வேணாம்னு பாக்காம செஞ்சு ரத்தத்துல கொட்டிக்கிட்டே இருக்கு. புரதம்னா நூல் மாதிரின்னு வச்சுக்கங்க. சரியா மடிஞ்சாத்தான் வேலை செய்யும், வேலை முடிஞ்சா உடம்பே அதைப் பிரிச்சு அப்புறப்படுத்திடும். இது தப்பா மடியுது. தப்பா மடிஞ்சது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டி ஒட்டி நார் நாரா ஆகி, போற எடத்துல எல்லாம் படிஞ்சிடும். அமிலாய்டுன்னு பேரு. அதைக் கரைச்சு வெளிய தள்ள உடம்புக்குச் சரியாத் தெரியாது."

"கொழுப்பு மாதிரியா டாக்டர்?" என்றாள் டீச்சர்.

"இல்லம்மா, கொழுப்பு வேற. சிவப்புச் சாயம் போட்டு, தனி வெளிச்சத்துல பாத்தா இது பச்சையா மின்னும். அப்படித்தான் கண்டுபிடிச்சோம். நாக்குல படிஞ்சு நாக்கு தடிச்சிருக்கு. சிறுநீரகத்துல படிஞ்சிருக்கு, அதான் கால் வீக்கம். சின்ன ரத்தக் குழாயோட சுவர்ல படிஞ்சா அது நொறுங்கற மாதிரி ஆயிடும். இருமினாலே உடையும், தும்மினாலே உடையும். கண்ணைச் சுத்தி இருக்கற தோல்தான் ரொம்ப மெல்லிசு, அதனால அங்க முதல்ல கறுக்கும்."

டீச்சர் பிரேக் மாமா பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அப்போ... அடிச்சதனால இல்லையா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "யாரு அடிச்சா?"

பிரேக் மாமாவின் வலது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

"சரியாயிடுமா?" என்றான் அவன்.

"அந்தக் கெட்ட செல்லை ஊசி மருந்தால அடக்கலாம். புதுசா சேர்றது நிக்கும். ஏற்கெனவே சேர்ந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது, சிலது போகவே போகாது. இதயத்துச் சுவர்லயும் கொஞ்சம் இருக்கு. அதுதான் எனக்குக் கவலை. முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அந்த 'முன்னாடி'யில் எவ்வளவு எங்கள் கணக்கில் வரும் என்று கண்ணாடிக் கடை அம்மா சொல்லவில்லை. மற்றதையெல்லாம் சொன்னாள். படித் திருப்பத்தில் நின்று, அந்தப் பழைய சாமான் குவியலைக் காட்டி, "இதே மாதிரிதான். யாருக்கும் வேணாம், யாரும் எடுக்க மாட்டாங்க, சேர்ந்துக்கிட்டே போகும். கடைசியில ஆள் நடக்க எடம் இருக்காது" என்று விளக்கினாள். டாக்டரம்மாவுக்கே இந்த உதாரணத்தைத் தான்தான் எடுத்துக்கொடுத்ததாகவும் சேர்த்துக்கொண்டாள். அதை நாங்கள் நம்பவில்லை.

வெளியே வந்ததும் டீச்சர், "தம்பி..." என்றாள்.

"விடுங்கக்கா" என்றான் அவன். விட்டானா என்பது வேறு விஷயம்.

அன்று மாலை அவன் படியேறினான், காது தைத்த பழைய பையோடு. ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் ஒரு சாண் திறந்திருந்தன. அவன் ஒன்றையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. அவன் கத்துவதை விட்டுவிட்டான். பால் பொங்கினால் பொங்கட்டும் என்று மெதுவாக எழுந்து போய் அணைப்பான் போலிருக்கிறது. நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு இப்போது தெரியும். அவள் ஒருநாள் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது கண்ணாடிக் கடை அம்மாவிடம் சொன்னாளாம்: "வீட்ல சத்தமே இல்ல. ரெண்டு பேர் இருக்கோம்னே தோண மாட்டேங்குது. ஒரு தடவை கத்துங்கன்னு கேட்டேன். வரலைங்கறார்."

வாரா வாரம் ஊசி. அவள் தலை சுற்றி, வாந்தி எடுத்து, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். ரத்தத்தில் அந்தப் புரதம் குறைந்துவிட்டது, மருந்து பிடித்துவிட்டது என்றார் டாக்டரம்மா. நாக்கு இறங்கவில்லை. இதயமும் அப்படியே. மாடிப்படி ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே தரையோடு இருக்கிற ஒரு வீட்டைப் பார்த்தார்கள். கிளம்புகிற அன்று அவளை நாற்காலியில் உட்காரவைத்து இறக்கவேண்டியிருந்தது. படித் திருப்பத்தில் நாற்காலி திரும்பவில்லை. அப்போதுதான் எல்லோரும் ஓடிவந்து, கால் உடைந்த நாற்காலியையும் சைக்கிளையும் பெட்டிகளையும் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கி வெளியே வைத்தோம். பத்து நிமிஷ வேலை. பேப்பர் சார்கூட ஒரு பெட்டியைத் தூக்கினார். அது அவருடையதேதான் என்று தெரியவந்தது, உள்ளே பழைய செய்தித்தாள்.

வண்டி கிளம்பும்போது கண்ணாடிக் கடை அம்மா ஜன்னலில் குனிந்து, "அட்ரஸ் சொல்லாமப் போறீங்களே" என்றாள்.

"நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க" என்றான் பிரேக் மாமா.

கண்டுபிடிக்கவில்லை. பயிற்சிப் பள்ளியையும் விட்டுவிட்டான். எங்கள் தெருவில் ரிவர்ஸ் எடுக்க இப்போது யாரும் வருவதில்லை. அவர்கள் பெயருக்கு வந்த தபாலை எடுக்க டீச்சர் ஒருமுறை வந்தாள். "எப்படி இருக்கா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டோம். "இருக்கா" என்றாள். ஒருகாலத்தில் எல்லாத் தளத்துக்கும் கேட்கக் கத்தியவள், அந்த ஒரு சொல்லோடு இறங்கிப் போய்விட்டாள். அவள் பணிமாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்வி. கண்ணாடிக் கடை அம்மாவின் மகளுக்கு அந்தக் கண் டாக்டரோடு கல்யாணம் ஆயிற்று. அம்மா இப்போது கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரையும் நாக்கை நீட்டச் சொல்கிறாள். காலியான வீட்டுக்குப் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருக்கிறது. சத்தமே இல்லை. என்னவோ சரியில்லை என்று அம்மா சொல்கிறாள். ஆனால் இந்த முறை முதல் வாரமே ஸ்க்ரூ டிரைவரோடு போய்த் தட்டிவிட்டாள்.

பேருந்து நிலையத்தில் பழைய தடங்களுக்கு இன்னும் அறிவிப்புக்காரியின் குரல்தான். அங்கே அவர்களைப் பார்த்தவர் பேப்பர் சார் ஒருவர்தான். பார்த்துப் பல நாள் கழித்துப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்களாம். அவள் கைக்குட்டையால் வாயை மூடியிருந்தாள், கறுப்புக் கண்ணாடி. ரொம்ப மெலிந்திருந்தாள். தலைக்கு மேலே அவள் குரல் வந்திருக்கிறது. சுற்றியிருந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் "நம்ம பஸ்" என்று கைகொடுத்து எழுப்பினான். இரண்டு பேரும் மெதுவாக ஏறிப் போனார்கள்.

"எந்த பஸ்?" என்று கண்ணாடிக் கடை அம்மா பாய்ந்தாள். "எந்த ஊர் பஸ் சார்?"

பேப்பர் சார் யோசித்தார்.

"அறிவிப்பு வந்துச்சும்மா. நான்தான் கவனிக்கலை."